நான்கு சக்கரம், நான்கு போல்ட்டு

எங்கள் வீட்டில் குளிக்கப் போக வேண்டுமென்றால் முதலில் ஒரு ட்ரில்லிங் மெஷினைத் தள்ளி நகர்த்த வேண்டும். சிரமம் ஒன்றுமில்லை, ஒற்றைக் கை போதும். அது நிற்கும் வண்டியை வரைந்தவள் நான். வண்டி ஓடுவதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

மெஷின் அம்மாவுடையது. அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது இந்த வருடம்தான். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அது பட்டறைக்குச் சொந்தம். அம்மா அதன் முன்னால் நின்றாள். கதவுக் கீல், தாழ்ப்பாள், அலமாரிக் கைப்பிடி, இவற்றுக்கான தகடுகளில் ஓட்டை போடுவது அவள் வேலை. பட்டறையில் அவளுக்குப் பெயர் ட்ரில்லக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அம்மா என்ன வேலை என்று கேட்டால் "மெஷின் ஆபரேட்டர்" என்று சொல்லும்படி அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அதைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஓட்டை போடுறாங்கன்னு சொல்லுடீ. இந்தத் தெருவுல பாதிக் கதவு நான் போட்ட ஓட்டையிலதான் தொங்குது."

நான் மெஷின் ஆபரேட்டர் என்றேதான் சொன்னேன். பிறகு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் எடுத்துப் படித்தேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான்கு வருடப் படிப்பில் ட்ரில்லிங் மெஷினை மூன்று முறை தொட்டிருப்பேன். மூன்றாவது முறை தூசி துடைக்க. இதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

நான் பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து, எனக்கு இன்னும் வேலை கிடைக்காத நேரத்தில், பட்டறை இடம் மாறப் போவதாகச் செய்தி வந்தது. ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை. ஒரே அழுத்தில் எட்டு ஓட்டை போடும் புது மெஷின்கள். பழைய ஆட்கள் வேண்டியதில்லை. ஆனால் புது மெஷினில் ஏற்றத் தோதுப்படாத சின்னச் சின்ன ஆர்டர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை வீட்டு வேலையாக வெளியே கொடுப்பதாக முதலாளி சொன்னார். ட்ரில்லிங் பிரிவில் இருந்த ஐந்து பெண்களும் விரும்பினால் அவரவர் மெஷினைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் சோதனை. காலையில் இருநூறு தகடு கொடுப்பார்கள், அன்று மாலையே வீட்டு மெஷினில் ஓட்டை போட்டுத் திருப்பித் தர வேண்டும். இரண்டு தகடுவரை தப்பு இருக்கலாம். மூன்றாவதும் தப்பானால் வேலை கிடையாது.

அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. ஓட்டை போடுவதைத் தவிர வேறு வேலைக்கு அவள் போனதில்லை. எனக்கு வேலை இல்லை. அப்பா இரவுக் காவலாளி; அவர் சம்பளத்தின் அளவு எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆக, எங்களுக்கிருந்தது அந்த ஒரு நாள் சோதனைதான்.

"இருநூறு தகடா?" என்றாள் அம்மா. "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிட்டுத் தூங்கி எழுந்து கொண்டுபோய்க் குடுப்பேன்."

நான்கு ஆட்கள் மெஷினை எங்கள் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். இடுப்பு உயர இரும்புத் தூண், தூணின் தலையில் மோட்டார், நடுவில் வேலை வைக்கும் மேசை, பக்கவாட்டில் மூன்று கைகள் நீட்டிய ஒரு பிடி. கடைசிப் படியில் ஒருவர், "அக்கா, இதுக்குப் பதிலா ஒரு யானையை வாங்கியிருக்கலாம், அதுவாவது தானே நடந்து வந்திருக்கும்" என்றார்.

எங்கள் வீடு முதல் மாடியில் இரண்டு அறை. நடுவில் ஒரு குறுகிய நடைவழி. அதன் கோடியில் குளியலறை. மெஷினுக்குத் தாங்கும் பெரிய பிளக் சமையலறையில் மட்டும்தான் உண்டு. ஆனால் சமையலறையில் மெஷின் நிரந்தரமாக நின்றால் அடுப்பின் முன் ஆள் நிற்க முடியாது. பின் அறையில் அப்பா பகலெல்லாம் தூங்குவார். முன் அறை மற்ற எல்லாவற்றுக்கும். ஆகவே மெஷின் ராத்தங்குவது குளியலறை வாசலில், வேலை செய்வது சமையலறையில். இடையில் நடக்க அதற்குக் கால் வேண்டும்.

"வண்டி ஒண்ணு பண்ணணும்" என்றாள் அம்மா. "நீதான் இன்ஜினியராச்சே. போடு ஒரு பிளான்."

அவள் கிண்டலாகச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நம்பிக்கை என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு வருடமாக விண்ணப்பங்களைத் தவிர வேறெதுவும் எழுதாத கையால் தாளை எடுத்து அளவுகள் குறித்தேன். சமையலறை நிலையின் அகலம் இருபத்தேழு அங்குலம். ஆகவே வண்டி இருபத்து நான்கு. மெஷினுக்குத் தலை கனம். குறுகலான வண்டியில் வைத்தால் குப்புற விழும். அதனால் கீழ்த்தட்டில் கனம் சேர்க்க வேண்டும். இரண்டு இழுப்பறை வரைந்தேன், ஒன்று துளையிடும் பிட்டுகளுக்கு, ஒன்று பழைய இரும்புத் துண்டுகளுக்கு. இரும்பு அங்கே கிடப்பது கனத்துக்காக மட்டும். மெஷின் சாயும் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. கல்லூரியில் படித்த ஒன்று முதல்முறையாக எதற்கோ உதவுகிறது என்று நினைத்தபோது கழுத்துவரை சந்தோஷமாக இருந்தது.

சக்கரம் எது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். இரும்புச் சக்கரம் விலை குறைவு, ஆனால் கடகடவென்று சத்தம் போடும். கீழே வீட்டுக்காரம்மாவின் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆகவே தடித்த ரப்பர் சக்கரம், காலால் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிரேக்குடன். நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு அது. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

சட்டம் அடிக்கத் தெருமுனை வெல்டரிடம் போனோம். அவர் என் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இந்தத் தள்ளுவண்டில என்ன விக்கப் போறீங்க அக்கா?"

"ஓட்டை" என்றாள் அம்மா. "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம். உனக்கு வேணுமா?"

"எங்கிட்ட ஏற்கெனவே நிறைய இருக்கு. சட்டைப் பையில ஒண்ணு, கூரையில நாலு." என்னைப் பார்த்தார். "உயரம் எவ்வளவு வைக்கணும் தங்கச்சி?"

அம்மா பதில் சொன்னாள். மெஷின் மேசை தன் முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே வர வேண்டும், பட்டறையில் அப்படித்தான் இருந்தது, அங்கே தரையிலிருந்து மேசைவரை அளந்து வைத்திருக்கிறேன் என்று ஒரு நூலை எடுத்து நீட்டினாள். நூலில் முடிச்சு இருந்தது. அந்த முடிச்சின்படி சட்டம் அடித்தார்.

வண்டி வந்து, அக்கம்பக்கத்து ஆட்களைப் பிடித்து மெஷினை அதன் மேல் ஏற்றி நட்டு முடுக்கியதும், அம்மா போய் முன்னால் நின்றாள். பிடியில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். மேசை அவள் முழங்கைக்கு வந்தது.

"என்னடீ இது, நான் குள்ளமாயிட்டேனா?"

நூலை வைத்து அளந்தேன். முடிச்சு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் அளந்தேன். திடீரென்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பலகை!"

பட்டறையில் அவள் ஒரு மரப்பலகை மேல் நின்றுதான் வேலை செய்திருக்கிறாள். சேர்ந்த முதல் நாள், எட்டவில்லை என்று யாரோ காலடியில் போட்ட பலகை. இருபத்திரண்டு வருடம் அதன் மேலேயே நின்றதில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

"இத்தனை வருஷமா நான் அவ்வளவு உயரம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின் அறையில் அப்பா புரண்டு படுத்து, "உயரம் கம்மின்னு தெரிஞ்சுதான் கட்டினேன்" என்றார். அவர் தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெல்டர் வந்து கால்களை நான்கு விரற்கடை வெட்டிக் கொடுத்தார். அந்த வாரம் நாங்கள் மூவரும் சிரித்த அளவு அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் இல்லை.

முதல் நாள் ஓட்டியபோது எனக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. அம்மா தகட்டை ஓர் இரும்புச் சட்டத்தில் உட்காரவைத்து, சட்டத்தை இடது கையால் மேசையோடு அழுத்திப் பிடிப்பாள். வலது கை பிடியை இறக்கும். தகட்டில் முன்பே குத்திய புள்ளியில் பிட்டு இறங்கும், இரும்புச் சுருள் எழும்பும், அவ்வளவுதான், அடுத்த தகடு. பாட்டு ஓடுவதுபோல் ஓடும். பத்து தகடு முடித்ததும் நிறுத்தினாள். சுண்டுவிரலை ஓர் ஓட்டைக்குள் விட்டுத் திருப்பினாள். இன்னொன்றில் விட்டாள்.

"வண்டி ஆடுது" என்றாள்.

"பிரேக் போட்டிருக்கேம்மா."

"பிரேக் போட்டா ஓடாது. ஆடாதுன்னு யாரு சொன்னா?"

உட்கார்ந்து பார்த்தேன். சக்கரம் ஓர் இம்மிகூட உருளவில்லை. ஆனால் ரப்பர் அமுங்கி எழுகிறது. ஒவ்வொரு முறை பிடியை இழுக்கும்போதும் மெஷின் மொத்தமாக அம்மா பக்கம் சாய்ந்து, விட்டதும் திரும்புகிறது. அம்மா நிற்பது தரையில். மெஷின் நிற்பது ரப்பரில். அவள் பிடித்திருக்கும் தகடு இரண்டுக்கும் நடுவில். பிட்டு புள்ளியிலிருந்து மயிரிழை விலகி இறங்கினால் ஓட்டை வட்டமாக இராது, அகன்று முட்டை வடிவமாகும். கண்ணுக்குத் தெரியாது. கேஜுக்குத் தெரியும். கேஜ் என்பது இரண்டு முனை உள்ள சின்ன இரும்புக் கம்பி. மெல்லிய முனை ஓட்டைக்குள் போக வேண்டும், தடித்த முனை போகக் கூடாது. தடித்தது போய்விட்டால் அந்தத் தகடு குப்பை.

கல்லூரியில் அதிர்வு பற்றி ஒரு முழுப் பாடம் இருந்தது. அதில் நான் எடுத்தது எண்பத்தேழு. வண்டியை வரைந்தபோது கனத்தைப் பற்றி யோசித்தேன், அகலத்தைப் பற்றி யோசித்தேன், கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தைப் பற்றிக்கூட யோசித்தேன். அந்த எண்பத்தேழு எங்கே போயிருந்தது?

"விடுடீ" என்றாள் அம்மா. "பட்டறையில மெஷின் நின்ன ஸ்டாண்டுக்குக் கீழ நாலு போல்ட்டு இருக்கும், தரைக்குள்ள புதைச்சு. இங்கயும் நாலு போல்ட்டு வெச்சிடுவோம். ஓடும்போது சக்கரம், நிக்கும்போது போல்ட்டு."

அது நல்ல யோசனை. வெல்டர் நான்கு மூலையிலும் நட்டு பற்றவைத்தார்; அதில் நீளமான போல்ட்டை இறக்கினால் சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பிவிடும். ரசமட்டம் வைத்து நான்கையும் சமப்படுத்தினேன். அம்மா ஓட்டினாள். நாற்பது தகடு. நாற்பதிலும் ஓட்டை கேஜில் நின்றது. நாற்பத்தோராவது தகடு போடும்போது வீட்டுக்காரம்மா மேலே வந்தார்.

அவர் சண்டை போட வரவில்லை. வாசலில் நின்று, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலம்மா. நீ ஒரு தடவை கீழ வந்து பாரு. அப்புறம் நீயே சொல்லு."

அம்மா என்னிடம், "நான் போய் நிக்கிறேன். நீ ஒரு பத்து தகடு போடு" என்று சொல்லிவிட்டு அவருடன் இறங்கினாள்.

நான் சொந்தமாகப் போட்ட முதல் ஓட்டைகள் அவை. மூன்று சரியாக வந்தன. நான்காவதில் பிட்டு கீச்சிட்டது. ஆறாவது பாதியில் இருக்கும்போது அம்மா திரும்பி வந்து சுவிட்சை அணைத்தாள். ஸ்பேனரை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக மேலே ஏற்றினாள். வண்டி மெல்ல இறங்கி மறுபடி ரப்பரில் உட்கார்ந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"நம்ம அடுப்படிக்கு நேர் கீழதான் அவரு கட்டில். பக்கத்துல டம்ளர் ஆடுது, அது கிடக்கட்டும். நீ ஓட்டினா அவரு கண்ணைத் தொறந்து மேல பாக்கறாரு. நிறுத்தினா மூடறாரு. மறுபடி ஓட்டினா..." நான்காவது போல்ட்டை ஏற்றி முடித்துவிட்டுச் சொன்னாள். "காதைப் பொத்திக்கப் பாக்கறாருடீ. ஒரு கைதான் வருது. இன்னொரு காதுக்குக் கை இல்ல."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. போல்ட்டுகளையும் தொடவில்லை.

வீட்டுக்காரம்மா எங்களுக்காகக் கீழே இடம் பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருந்தது. வாசலில் கூரை இல்லை. கட்டிலை வேறு அறைக்கு மாற்றலாமா என்றும் பார்த்தார். மற்ற அறையின் கதவு அந்தக் கட்டிலுக்குப் போதவில்லை. அவர் நல்லவராக இல்லாதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்சம் சண்டை போட்டு, கொஞ்சம் பிடிவாதம் பிடித்து ஓட்டியிருப்போம்.

மிச்சமிருந்த ஆறு வாரம் நான் வண்டியின் காலடியிலேயே கிடந்தேன். போல்ட்டுக்கு அடியில் சாக்கு மடித்து வைத்தேன். டயர் துண்டு வைத்தேன். மரக்கட்டை, கார்க், பழைய செருப்பின் அடி. ஓட்டை நேராக விழும் அளவு கெட்டியாக இருந்தால் கீழே டம்ளர் ஆடியது. டம்ளர் ஆடாத அளவு மெத்தென்று இருந்தால் ஓட்டை முட்டையானது. நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நம்பினேன். புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். புத்தகத்தில் விடை இருந்தது: மெஷினைப் போல ஐந்து மடங்கு கனமுள்ள கான்கிரீட் கட்டையில் மெஷினைப் பதித்து, அந்தக் கட்டையை ஸ்பிரிங் மேல் நிறுத்த வேண்டும்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "செய்யலாமே. அவ்வளவு கனத்தை இந்த மாடியில வெச்சா நாம எல்லாரும் மெஷினோட கீழ போயிடலாம். தரைவீடு கிடைச்ச மாதிரி."

தகட்டைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கினால் ரப்பர் மேலேயே ஓட்டை சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் இறுக்கித் தளர்த்த நான்கு மடங்கு நேரம். அந்த வேகத்தில் மாலைக்குள் நூறு தகடு தேறாது. "நூறு தடவை கும்பிட்டுட்டு ஒரு வாய் சோறு சாப்பிடற மாதிரி இருக்கு" என்று கிளாம்பைக் கழற்றி இழுப்பறையில் போட்டாள்.

சோதனை நாளன்று காலை இருநூறு தகடு வந்தது. எங்களிடம் ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, வண்டியின் அடிச்சட்டத்தில் இரண்டு பாதத்தையும் வைத்து, என் பலம் முழுவதையும் கொடுத்து அதை அம்மா பக்கம் உந்தினேன். அம்மா ஒரு காலைக் கீழ்த்தட்டில் ஏற்றித் தன் கனத்தை அதில் வைத்து, ஒற்றைக் காலில் நின்று ஓட்டினாள். இரண்டு பேர் நடுவில் நெருக்கினால் வண்டி ஏறக்குறைய ஆடவில்லை. அன்று முழுக்க நான் அந்த வண்டியின் ஒரு பாகம். நான்கு வருடம் கரும்பலகையில் வரைந்து விளக்கப்பட்ட அதிர்வு என் பாதத்தில் ஏறி, முட்டி வழியாக முதுகெலும்பில் வந்து, சுவரில் போய்ச் சேர்ந்தது. சுவர் வழியாகக் கீழே போயிருக்குமா என்று தெரியாது. வீட்டுக்காரம்மா வரவில்லை.

"வலிக்குதா?" என்று அம்மா நூறாவது தகட்டில் கேட்டாள்.

"இல்ல."

"பொய் சொல்லாத. எனக்கே வலிக்குது."

நூற்றைம்பதுக்கு மேல் என் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. நிறுத்திக் கால் நீட்டிவிட்டுத் தொடர நேரம் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு தகட்டையும் எடுத்ததும் அம்மா சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். சிலவற்றை வலது பக்கப் பெட்டியில் போட்டாள், சிலவற்றை இடது பக்கம் அடுக்கினாள். அப்போது அது எனக்குப் புரியவில்லை. இருநூறையும் முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டினாள்.

மாலையில் நாங்கள் போனபோது பட்டறை பாதி காலியாகிவிட்டிருந்தது. அம்மாவின் மெஷின் இருந்த இடத்தில் தரையிலிருந்து நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அந்தப் பலகை. இரண்டு பாதம் நின்ற இடம் குழிந்து, பளபளவென்று இருந்தது. கேஜ் வைத்துப் பார்க்கும் பையன் அங்கே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அவனை எல்லோரும் கேஜ் தம்பி என்பார்கள். அம்மாவைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"உக்காருங்க ட்ரில்லக்கா. உங்களுக்கெல்லாம் கேஜ் தேவையா? சும்மா ஒரு பேருக்குப் பாத்துடறேன்."

பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தான். மெல்லிய முனை போனது, தடித்த முனை நின்றது. அடுத்தது. அடுத்தது. பன்னிரண்டாவதில் தடித்த முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவன் அதை வெளியே இழுத்து மறுபடி விட்டான். மறுபடி போனது. இன்னும் நான்கு எடுத்தான். அதில் இரண்டு போயின. மூன்று ஆகிவிட்டது. அவன் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேஜ் தேஞ்சு போயிருக்கும்க்கா. நான் வேற எடுத்துட்டு வர்றேன்."

"கேஜ் தேஞ்சா மெல்லிசாகும் தம்பி. அப்போ நல்ல ஓட்டைக்குள்ளயும் போகும். இது தேயல." அவனிடமிருந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். தகடுகளைக் கையால் அளைந்து, சுண்டுவிரலை விட்டு விட்டு ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். "இது போகும். இது போகும். இது நிக்கும். இது போகும்." அவன் அவற்றில் கேஜை விட்டுப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒதுக்கிய குவியலில் முப்பத்தொன்று இருந்தன. "எழுதிக்கோ" என்றாள்.

அவன் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். "எனக்காக எழுதாம இருந்தா நாளைக்கு அவங்க உன் பேரைத் தப்புக் கணக்குல எழுதிடுவாங்க" என்றாள் அம்மா. அவன் எழுதினான்.

வெளியே வரும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. "தப்புன்னு வீட்டுலயே தெரிஞ்சிருக்கு. பின்ன ஏம்மா எல்லாத்தையும் கொண்டு வந்தே?"

"இருநூறு குடுத்தாங்க. இருநூறு கொண்டு வந்தேன்."

"பலகையையாவது எடுத்துக்கலாமா?"

"எதுக்கு? வீட்டுலதான் எட்டுதே."

மற்ற நான்கு பெண்களில் இருவர் தேறினார்கள். இருவர் வீடும் தரைவீடு, சிமெண்ட் போட்டது. அம்மா தன் பிட்டுகளை எல்லாம் எண்ணெய் துடைத்து, அளவுவாரியாகத் துணியில் சுருட்டி, அவர்களில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். "வெச்சிருந்தா துரு பிடிக்கும்" என்றாள். பிட்டு இல்லாத ட்ரில்லிங் மெஷின் என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவள் ஒரு துணிக்கடையில் கிடங்கில் நிற்கிறாள். பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ஏதும் இல்லை.

மெஷினை விற்கலாம் என்று அப்பா இரண்டு முறை சொன்னார். இறக்க நான்கு ஆள் வேண்டும் என்று அம்மா இரண்டு முறையும் சொன்னாள்.

போன மாதம் நான் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். நீங்களாக வடிவமைத்த ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். வண்டியைப் பற்றிச் சொன்னேன். அகலம், கனம், சாயும் கோணம் எல்லாம் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா?" என்றார் ஒருவர். இருக்கிறது, தினமும் காலையில் நகர்த்துகிறோம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

காலையில் மூவருக்கும் அவசரம். முதலில் அப்பா காவல் முடிந்து வந்து குளிப்பார். அவருக்காக நான் வண்டியைச் சமையலறைப் பக்கம் தள்ளுகிறேன். சத்தமே இல்லாமல் போகிறது. பிடியின் மூன்று கைகளிலும் மூன்று துண்டுகள் தொங்குகின்றன, ஆளுக்கு ஒன்று. யார் முதலில் துண்டைத் தொங்கவிட்டது என்று நினைவில்லை, நானாகவும் இருக்கலாம்.

கடைசியாகக் குளிப்பது அம்மா. குளித்து வந்ததும் வண்டியைத் திரும்பக் குளியலறை வாசலுக்குத் தள்ளி, குனியாமலே காலால் தடவி நான்கு பிரேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்துவாள். பிறகு இரண்டு கையாலும் தூணைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்ப்பாள். அது ஆடும். துண்டுகளும் ஆடும். கை வைத்து அவற்றை நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.